எந்தப் பன்னிரண்டு?



வேலை செய்கிறவனுக்குக் கூலி, வாங்குகிறவனுக்குப் பொருள். இருவரும் திருப்தியோடு பிரிந்து போனால், அந்த வேலையைப் பற்றிப் பிறகு கேட்பதற்கு என்ன இருக்கிறது? உலகத்தார் அநேகர் இப்படித்தான் எண்ணுகிறார்கள். இன்னும் ஒரு படி மேலே போய், "கண்ணுக்குத் தெரியாத குறை குறையே அல்ல" என்று சொல்லத் துணிகிறவர்களும் உண்டு. பூச்சுக்குள் மறைந்த செங்கல்லை யார் பார்க்கப் போகிறார்கள்? உள்தையலை யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்? வாங்கினவன் சந்தோஷமாயிருக்கிறான், விற்றவன் பிழைக்கிறான். இதில் பாவம் எங்கே, பழி எங்கே?

இந்தக் கேள்வி சாதாரணமானதன்று. கல்விமான்கள் இதைப்பற்றி ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தர்க்கித்து வந்திருக்கிறார்கள். ஆனால் நான் இதற்கு விடையை முதலில் கற்றது ஒரு புத்தகத்திலுமல்ல, பிரசங்கத்திலுமல்ல. பனங்காட்டில், புகையடைந்த ஒரு விடிலியில், எழுத்தறியாத என் ஆச்சியிடம் கற்றேன். கற்ற விதம் எனக்குப் பெருமை தருவதல்ல. ஆயினும் சொல்லுகிறேன்.

திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம் பக்கங்களில் செம்மணல் மேடிட்டுக் கிடக்கும் தேரிக்காடுகளைப் பார்த்தவர்கள் அந்த நிலத்தின் தன்மையை அறிவார்கள். நெல் விளையாத அந்த மண்ணில் பனை நிற்கும். என் தாத்தா பனையேறி. மாசி பிறந்ததும் எங்கள் குடும்பம் ஊரிலுள்ள வீட்டைப் பூட்டிவிட்டு, சட்டி பானைகளோடு காட்டுக்குள் போய் விடிலி போட்டுக்கொள்ளும். ஆடி வரையில் அதுவே வீடு, அதுவே தொழிற்சாலை. ஆண்கள் ஏறுவார்கள், பெண்கள் காய்ச்சுவார்கள்.

கருப்பட்டி தின்கிற எல்லாரும் அது எப்படி உண்டாகிறதென்று அறிந்திருப்பதில்லை. ஆகையால் சுருக்கமாய்ச் சொல்லுகிறேன். பனையேறி விடியுமுன்னே முதல் மரத்தில் கால் வைக்க வேண்டும். பாளையைக் கடிப்பால் இடுக்கிப் பதப்படுத்தி, அதன் நுனியைப் பாளை அரிவாளால் மெல்லிய சீவலாகச் சீவி, கலயத்தைக் கட்டி விட்டு இறங்குவான். காலையில் ஏறின மரத்திலேயே மாலையிலும் ஏற வேண்டும். சீவாமல் விட்டால் சாறு வடிவது நின்று போகும். பனைக்கு ஞாயிற்றுக்கிழமையும் தெரியாது. நல்ல நாள் பெரிய நாளும் தெரியாது. என் தாத்தா தினம் 30 மரங்களுக்கு மேல் இரண்டு வேளையும் ஏறியிறங்கினார். பூசை காணப் போகிற நாளில் ஒரு மணி நேரம் முந்தி எழுந்துகொள்வார், அவ்வளவுதான் வித்தியாசம்.

கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவ வேண்டும். இங்கேதான் முதல் சூட்சுமம். பனஞ்சாறு இனிப்பானது, ஆனால் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர்கள் அந்த இனிப்பைத் தின்று, சில மணி நேரத்திற்குள் அதைக் கள்ளாக்கிவிடும். சுண்ணாம்பு அவற்றை அடக்கி வைக்கிறது. குறைந்தால் சாறு புளிக்கும்; புளித்த பதநீரை எவ்வளவு காய்ச்சினாலும் கருப்பட்டி இறுகாது. கூடினால் கருப்பட்டி கறுத்துக் காரலெடுக்கும். எவ்வளவு தடவ வேண்டும் என்பதற்கு அளவுகோல் கிடையாது. கலயத்தின் வயது, வெயிலின் சூடு, காற்றின் ஈரம் ஆகிய இவற்றைக் கை அறிந்து தடவ வேண்டும்.

இறக்கின பதநீரைப் பன்னாடையில் வடிகட்டி, அகன்ற சட்டியில் ஊற்றி, உடைவிறகும் காய்ந்த ஓலையும் வைத்து எரிப்பாள் ஆச்சி. நுரை பொங்கும்போது ஆமணக்கு முத்தை நசுக்கிப் போடுவாள், பொங்கு அடங்கும். மணிக்கணக்காக நின்று துடுப்பால் துழாவிக்கொண்டிருக்க வேண்டும். கடைசியில் பாகு கனத்து, கொப்புளம் பெரிதாகி, ஒரு மணம் எழும். அப்போது குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பாள். முந்தி இறக்கினால் இளகல். பிந்தி இறக்கினால் கருகல். இரண்டுக்கும் நடுவேயுள்ள நேரம் ஒரு பரலோக மந்திரம் சொல்லி முடிக்கும் நேரத்தைவிட அதிகமில்லை. பிறகு நனைத்து வைத்த சிரட்டைகளில் வார்த்து ஆறவிடுவாள். இத்தனை பாடுபட்டும், 10 லிட்டர் பதநீரைக் காய்ச்சினால் ஒரு கிலோ, மிஞ்சினால் ஒன்றரைக் கிலோ கருப்பட்டிதான் கிடைக்கும்.

சிறுவனாயிருந்தபோது கலயங்களைக் கழுவிக் கவிழ்ப்பது என் வேலை. ஒரு நாள் விளையாட்டு ஞாபகத்தில் ஒரு கலயத்தைச் சரியாய்க் கழுவாமல் மற்றவற்றோடு அடுக்கிவிட்டேன். மறுநாள் காலையில் ஆச்சி வழக்கம்போல ஒவ்வொரு கலயத்தையும் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து குடத்தில் ஊற்றிக்கொண்டு வந்தாள். ஒன்றை மட்டும் முகர்ந்துவிட்டு மணலில் கொட்டினாள். பிறகு என்னைப் பார்த்து, "ஏலே ஐயா, இத மோந்து பாக்காம ஊத்தியிருந்தா ஒரு கொடமும் போயிருக்கும்லா? புளிச்சது ஒரு கலயம்தான். ஆனா கொடத்துக்குள்ள போனப்பொறவு அது எங்க இருக்குன்னு தேடவா முடியும்?" என்றாள். அடிக்கவில்லை. அந்தக் கலயத்தை என் கையிலேயே கொடுத்து, மணலும் தண்ணீருமாய்த் தேய்க்கச் சொன்னாள். எனக்கு அப்போது வயது ஒன்பது. அந்தப் பாடத்தை நான் மறந்துபோனேன் என்பதே இனிச் சொல்லப்போகிற கதை.

1991-ம் ஆண்டு. படிப்பை முடித்து வேலை கிடைக்காமல் ஊருக்குத் திரும்பியிருந்தேன். தாத்தா காலஞ்சென்று வெகுநாளாயிற்று. என் தகப்பனார் ஏறிக்கொண்டிருந்தார். அந்தப் பருவத்தில் என் தாயார் காய்ச்சலில் படுத்துவிடவே, அடுப்பு என் கைக்கு வந்தது. ஆச்சிக்கு இரு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. பாகின் நிறம் அவளுக்குத் தெரியாது. ஆனால் சிறு வயது முதல் அவள் பக்கத்தில் நின்று பார்த்த பழக்கத்தினால் எனக்குப் பதம் கைவந்திருந்தது. நான் காய்ச்சின கருப்பட்டியை நன்றாயிருக்கிறது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

அக்காலத்தில் எங்களிடம் கருப்பட்டி வாங்கிப் போன வியாபாரி ஒருவர், ஒரு நாள் என்னைத் தனியே அழைத்து, "தம்பி, ஒரு காய்ச்சலுக்கு மூணு கிலோ சீனியத் தட்டி விடு. ஒருத்தனுக்கும் தெரியாது. சீனி என்ன விஷமா? எல்லாரும் செய்யதுதான்" என்றார். வீட்டில் கடன் இருந்தது. தாயாருக்கு மருந்து வாங்க வேண்டியிருந்தது. தகப்பனாரின் முழங்கால் வீங்கியிருந்தது. இவற்றையெல்லாம் மனதில் நிறுத்தி, நான் எனக்கே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

உண்மையைச் சொல்லுகிறேன்: அந்த வேலையை நான் மிகுந்த திறமையோடு செய்தேன். சீனியை எந்தக் கட்டத்தில் போட்டால் பாகோடு சேர்ந்து கரையும் என்று கண்டுபிடித்தேன். நிறம் வெளுக்காதபடி தீயைச் சற்றே கூட்டி, பாகைக் கொஞ்சம் கறுக்க விட்டேன். கருப்பட்டியை உடைத்துப் பார்த்த வியாபாரியே, "நான் சொல்லித்தந்தவன், எனக்கே தெரியல" என்று மெச்சினார். வெட்கத்தோடு எழுதுகிறேன்: அந்த மெச்சுதல் எனக்கு இனித்தது. கைத்திறமையில் ஆச்சியையும் மிஞ்சிவிட்டேன் என்று அன்றிரவு நினைத்தேன்.

எட்டு நாள் இப்படி நடந்தது. ஒன்பதாம் நாள் காலையில், கழற்றிப் போட்ட வெறுஞ்சிரட்டைக் குவியலண்டையில் ஆச்சி உட்கார்ந்திருந்தாள். கண் தெரியாததால் ஒவ்வொன்றாகக் கையால் தடவி எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏலே ஐயா, நேத்து எத்தன கொடம்?"

"அஞ்சு, ஆச்சி."

"அஞ்சு கொடத்துக்கு முப்பத்தாறு செரட்ட. கூடுனா ரெண்டு, கொறஞ்சா ரெண்டு. இங்க நாப்பத்தெட்டு கெடக்கு."

இந்த வருஷம் பதநீர் கெட்டியாயிருக்கிறதென்று ஏதோ சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. அவளுக்கு ருசியும் மணமும் போதாதென்று கணக்கும் தெரியும் என்பதை நான் நினைக்கவேயில்லை. அவளுடைய மௌனத்தைத் தாங்க மாட்டாமல் கடைசியில் ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொள்ளும்போதும் என் நியாயத்தை விடவில்லை: "பன்னிரண்டுதானே ஆச்சி கூடினது? மீதி முப்பத்தாறும் நம்ம பதநீர்தானே?"

ஆச்சி அடுத்திருந்த ஓலைக் கொட்டானை என் பக்கமாய்த் தள்ளினாள். அதில் அன்றைய கருப்பட்டி நாற்பத்தெட்டும் இருந்தன.

"எந்தப் பன்னெண்டுலே? எடுத்துக் காட்டு."

நான் கையை நீட்டவில்லை. நீட்டி எதை எடுப்பது? பொய் பன்னிரண்டில் மட்டும் இருக்கவில்லை; நாற்பத்தெட்டிலும் கலந்து கிடந்தது. என் தகப்பனார் உயிரைப் பணயம் வைத்து ஏறியிறக்கின சாறு முழுவதும் அந்தப் பொய்யில் கரைந்து போயிற்று. சிறு வயதில் மணலில் கொட்டின கலயம் அப்பொழுதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். ஏனெனில் அதுவும் பாடத்தின் பகுதி. எட்டு நாளில் வார்த்தவை 384. அவற்றில் 20 ஊராருக்கு விற்றிருந்தேன். கொத்தனார் வீட்டு அம்மாள், தன் மகள் சமைந்திருக்கிறாளென்று உளுந்தங்களி கிண்டுவதற்காக ஆறு வாங்கிப் போயிருந்தாள். பெண்பிள்ளையின் இடுப்புக்குப் பலமென்று உளுந்தும் நல்லெண்ணெயும் சேர்த்துக் கொடுக்கிற களிக்குப் பனங்கருப்பட்டிதான் வேண்டுமென்று நம் பக்கத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. "அவ கடைக்கா போனா? நம்மள நம்பில்லா வந்தா" என்றாள் ஆச்சி. இரண்டு நாள் சுத்தமாய்க் காய்ச்சி, வீடு வீடாய்ப் போய், நான் செய்ததைச் சொல்லி, ஒன்றுக்கு ஒன்று மாற்றிக் கொடுக்கும்படி என்னை அனுப்பினாள். அந்தத் தெருவில் நடந்த நடையைப்போல நீளமான நடையை நான் பிற்பாடு நடந்ததில்லை.

வியாபாரியிடம் போனேன். அவர் சிரித்தார். "நான் சொல்லித்தானே போட்டே, என்கிட்ட எதுக்குச் சொல்லுதே?" என்றார். சரக்கு அதற்குள் வெளியூர்களுக்குப் போய்விட்டது. அதைத் தின்னப்போகிறவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை. இதை வந்து சொன்னபோது ஆச்சி, சிறு பெண்ணாயிருக்கையில் ஞானோபதேசத்தில் கேட்டதை ஞாபகப்படுத்திக்கொண்டு, "யாரோடதுன்னு தெரியாத பணம் ஏழைக்குப் போவணும்" என்றாள். சீனியால் வந்த லாபம் முழுவதையும் எண்ணி எடுத்து, முந்தின வருஷம் பனையிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து படுத்திருந்த ஒரு பனையேறியின் வீட்டில் கொடுக்கச் செய்தாள். கடன் அப்படியே இருந்தது. அதை அடைக்க எங்களுக்கு இன்னும் இரண்டு பருவமாயிற்று.

கதை இவ்வளவே. இனி அதிலுள்ள கேள்வியை ஆராய்வோம்.

கிரேக்க ஞானியாகிய அரிஸ்டாட்டில் (கி.மு. 384-322) தம்முடைய நீதி நூலின் ஆறாம் பகுதியில், ஒன்றை உண்டாக்கும் திறமை வேறு, நல்லவனாய் நடந்துகொள்ளும் விவேகம் வேறு என்று பிரித்துக் காட்டுகிறார். தொழிலில் அறிந்தே தவறு செய்கிறவன், அறியாமல் தவறு செய்கிறவனைவிட மேலான தொழிலாளி. நடத்தையிலோ அறிந்து தவறு செய்கிறவனே அதிகம் கெட்டவன் என்பது அவர் கருத்து. உதாரணமாக, மாணாக்கனுக்குக் காட்டுவதற்காக வேண்டுமென்றே பிழையாய் எழுதும் உபாத்தியாயரை எழுத்தறியாதவர் என்று யாரும் சொல்லார். ஆனால் வேண்டுமென்றே அநியாயம் செய்கிறவனை நியாயம் அறிந்தவன் என்று மன்னிப்பதுமில்லை. அறிந்து செய்தது அவன் குற்றத்தைக் கூட்டுகிறதேயன்றிக் குறைக்கிறதில்லை.

13-ம் நூற்றாண்டில் வாழ்ந்த அர்ச்சியசிஷ்ட தோமாஸ் அக்குவினாஸ் இதை ஏற்றுக்கொண்டு மேலும் விளக்குகிறார். தொழில் என்பது செய்யப்படும் பொருளைப்பற்றிய சரியான அறிவு; ஆதலால் தொழிலாளியை, தொழிலாளி என்ற மட்டில், அவனுடைய மனம் எப்படிப்பட்டது என்பதற்காக அல்ல, அவன் செய்த பொருள் எப்படிப்பட்டது என்பதற்காகவே புகழுகிறோம் என்கிறார். இதை மட்டும் படித்து நிறுத்திக்கொண்டால், 1991-ல் நான் நல்ல தொழிலாளிதான். என் கை பிசகவில்லை. நினைத்த நிறம் வந்தது. நினைத்த இறுக்கம் வந்தது.

ஆனால் அவர் அங்கே நிறுத்தவில்லை. கைவந்த தொழிலை ஒருவன் நன்றாய்ப் பயன்படுத்துவதற்கு நல்ல மனம் வேண்டும். தொழிலாளி தன் வேலையை உண்மையோடு செய்யும்படி அவனைச் சாயச் செய்வது நீதி என்னும் புண்ணியமே என்று தொடர்ந்து சொல்லுகிறார். இதைப் பிற்காலத்தில் வாசித்தபோது, இந்த வேதசாஸ்திரியும் என் ஆச்சியும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்களோ என்று வியந்தேன். திறமை என்பது கையிலிருக்கிற அரிவாள். அது பாளையையும் சீவும், கழுத்தையும் சீவும். கூர்மைக்காக அரிவாளை மெச்சலாம். அந்த மெச்சுதல் அதைப் பிடித்தவனுக்குச் சேராது.

ஆச்சியின் கருப்பட்டி ஒவ்வொன்றும் குறைவற்றது என்று நான் சொல்ல வரவில்லை. அவளுக்கும் கருகின நாள் உண்டு. காற்று திசை மாறித் தீ ஏறிவிட்டால் யார்தான் என்ன செய்ய முடியும்? அப்படிக் கருகினதைத் தனியாய் எடுத்து வைத்து, "இது கொஞ்சம் கரிஞ்சிட்டு" என்று வாங்க வந்தவரிடம் முன்னதாகவே சொல்லி, விலையைக் குறைத்துக் கொடுப்பாள். அவளுடைய கருகின கருப்பட்டி, குறையுள்ளதாயினும், உண்மையானது. என்னுடையது, பார்வைக்குக் குறையற்றதாயினும், பொய்யானது. குறைவு வேறு, வஞ்சகம் வேறு. தன் கையின் குறைவுக்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. அடுத்த காய்ச்சலில் திருத்திக்கொள்ளலாம். வஞ்சகத்தையோ திறமை கூடக்கூட நாம் இன்னும் நன்றாய்ச் செய்துவிடுகிறோம்.

இங்கே சிலர் ஓர் ஆட்சேபம் சொல்லலாம். "சீனி விஷமல்லவே, அதைத் தின்று யார் செத்தார்கள்? யாருக்கும் கெடுதி இல்லாதபோது குற்றம் எப்படி உண்டாகும்?" இதற்கு உத்தரம்: வாங்கினவர் கேட்டது இனிப்பு மாத்திரமன்று. அவர் பனங்கருப்பட்டி கேட்டார். அதன் பெயரைச் சொல்லி அதன் விலையை வாங்கிக்கொண்டு வேறொன்றைக் கலந்து கொடுத்தால், அந்த வித்தியாசமுள்ள பணம் களவாடின பணமே. ஏழாம் கற்பனை, பூட்டை உடைக்கிறவனுக்கு மாத்திரம் கொடுக்கப்பட்டதல்ல. மேலும், வாங்குகிறவரால் கண்டுபிடிக்க முடியாது என்பது நம் குற்றத்தைக் குறைக்கிற காரணமன்று. தானே சோதித்தறிய முடியாததனால்தான் அவர் நம்மை நம்புகிறார். வைத்தியரிடம் போகும் நோயாளியும், கொத்தனாரிடம் வீட்டை ஒப்புவிக்கிறவரும், உபாத்தியாயரிடம் பிள்ளையை அனுப்புகிற தாயும் அப்படியே. பார்க்க முடியாத இடத்தில்தான் தொழிலாளியின் வார்த்தை வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

மற்றோர் ஆட்சேபம் இதைவிடக் கனமானது. "வயிறு காய்கிறவனிடம் நேர்மையைப் பற்றிப் பேசுவது சுலபம், கலந்து விற்கிறவன் மலிவாய்க் கொடுக்கும்போது கலவாதவன் எப்படிப் பிழைப்பான்?" இதை நான் அலட்சியம் செய்ய மாட்டேன், எங்கள் வீட்டில் கடன் நின்றதை மேலே சொன்னேன். ஆச்சியின் நேர்மைக்கு ஒரு விலை இருந்தது. அதில் பெரும்பங்கைக் கொடுத்தது என் தகப்பனாரின் முழங்கால். ஆகையால் இந்தப் பாரத்தைத் தொழிலாளியின் தலையில் மட்டும் வைப்பது நியாயமன்று. இன்று சீனி விற்கிற விலையைவிடச் சுத்தமான பனங்கருப்பட்டியின் விலை பல மடங்கு. ஏன் என்று யோசியாமல், "சுத்தமாயும் வேண்டும், மலிவாயும் வேண்டும்" என்று பேரம் பேசுகிற நாம் எதைக் கேட்கிறோம்? ஒரு மரத்தில் தினம் இரண்டு தரம் ஏறியிறங்குகிறவனுடைய உயிர்ப்பயத்துக்கும், புகையில் நின்ற பெண்ணின் கண்ணுக்கும் கூலி கொடுக்க மாட்டேன் என்கிறோம். அந்தக் கூலியை மறுத்துவிட்டு, பிறகு கலப்படம் என்று கூச்சலிடுகிறவனும் அந்தக் கலப்படத்தில் மூன்று கிலோ போட்டவன்தான். நேர்மையான வேலைக்கு நேர்மையான விலை கொடுப்பதும் நீதியின் பாகம்.

பனை தமிழ்நாட்டின் மாநில மரமாக 1978-ல் அறிவிக்கப்பட்டது. பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டுமென்று 2021-ல் அரசாங்கம் அறிவித்தது. மரத்தைக் காப்பது நல்லதே. ஆனால் ஏறுகிறவன் இல்லாமற்போனால் மரம் நின்றும் என்ன? பதம் அறிந்த கைகள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டு வருகின்றன. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போவதைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை, நானே போய்விட்டவன். ஒரு தொழில் அழிந்துபோகும்போது ஒரு பண்டம் மட்டும் அழிவதில்லை. அந்தத் தொழிலுக்குள் தலைமுறை தலைமுறையாய்ச் சேர்ந்திருந்த பொறுமையும், மூக்கின் அறிவும், கணக்கும், மனச்சாட்சியும் கூடவே போய்விடுகின்றன. ஆச்சியின் நேர்மை எழுதப்பட்ட சட்டமாயிருக்கவில்லை. ஐந்து குடத்துக்கு முப்பத்தாறு சிரட்டை என்ற கணக்காயிருந்தது.

பரிசுத்த பாப்பு இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981-ல் வேலையைப்பற்றி எழுதிய நிருபத்தில், வேலையின் மேன்மை செய்யப்படும் வேலையின் வகையைப் பொறுத்ததல்ல, அதைச் செய்கிறவன் மனிதனாயிருப்பதைப் பொறுத்தது என்றும், வேலை மனிதனுக்காகவேயன்றி மனிதன் வேலைக்காக அல்ல என்றும் போதித்தார். வேலை செய்கிறவன் பொருளை உண்டாக்குவதோடு தன்னையும் உண்டாக்கிக்கொள்ளுகிறான். எட்டு நாளில் நான் 384 கருப்பட்டி வார்த்தேன். கூடவே சமாதானமாய்ப் பொய் சொல்லத் தெரிந்த ஒரு வாலிபனையும் வார்த்துக்கொண்டிருந்தேன். கருப்பட்டி போன இடம் தெரியாது. அந்த வாலிபன் மட்டும் என்னோடேயே இருந்தான். அவனை உருக்கி மறுபடி வார்க்க வெகுகாலம் சென்றது.

முழுவதும் வார்த்தாயிற்று என்றும் சொல்ல மாட்டேன். பின்னாளில் நான் பள்ளி உபாத்தியாயரானேன். பரீட்சைக் காலங்களில் இரவு வெகுநேரம் விழித்துத் தாள்களைத் திருத்தும்போது, கட்டின் அடியில் இன்னும் பத்துப் பன்னிரண்டு மிச்சமிருக்கையில், வாசிக்காமலே ஒரு மதிப்பெண்ணைப் போட்டுவிடலாமே என்று கை சொல்லும். ஒரு தரம் அப்படிச் செய்தும் இருக்கிறேன். யாருக்கும் தெரியவில்லை, பெற்றோர் ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் மறுநாள் வகுப்பில் 48 பிள்ளைகளும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எந்தப் பன்னிரண்டு பேருக்கு நான் அநியாயம் செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. தாள்களைத் திரும்ப வாங்கி எல்லாவற்றையும் மறுபடி திருத்தினேன்.

வாசகர்களே, நமக்குள் பனையேறிகள் கொஞ்சம். மற்ற வேலைக்காரர் அநேகர். தைக்கிறவர், கட்டுகிறவர், கணக்கெழுதுகிறவர், மருந்து கொடுக்கிறவர், சமைக்கிறவர் ஆகிய ஒவ்வொருவருக்கும் ஒரு விடிலி உண்டு. யாரும் எட்டிப் பாராத ஒரு நேரமும் உண்டு. 1955-ம் ஆண்டில் பன்னிரண்டாம் பத்திநாதர் மே மாதம் முதல் தேதியைத் தொழிலாளியாகிய அர்ச். சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். அந்த அர்ச்சியசிஷ்டவரைத் தச்சர் என்று சுவிசேஷம் சொல்லுகிறது. ஆனால் அவர் செய்த ஒரு மேசையைப் பற்றியாகிலும், ஒரு நுகத்தைப் பற்றியாகிலும் ஒரு வரியும் சொல்லவில்லை. அவருடைய வேலை நாசரேத்தூரில் அண்டை அயலார் வீடுகளில் உழைத்துத் தேய்ந்து போயிருக்கும். அவரை நீதிமான் என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறது.

ஆச்சி 1996-ல் இறந்தாள். அவள் பிடித்துத் தேய்ந்த துடுப்பு என்னிடத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் பிறை வடிவாய்த் தேய்ந்திருக்கிறது; சட்டியின் அடியில் பாகு பிடித்துவிடாதபடி அத்தனை வருஷமாய் அவள் ஒரே பக்கமாய்த் துழாவினதின் அடையாளம் அது. வீட்டுக்கு வருகிற பிள்ளைகள் இது என்னவென்று கேட்பார்கள். சொல்லுவேன். பிறகு அவர்களுக்கு ஒரு கணக்குப் போடக் கொடுப்பேன்: ஐந்து குடத்துக்கு முப்பத்தாறு, நாற்பத்தெட்டு இருக்கிறது, எந்தப் பன்னிரண்டு அதிகம்? கெட்டிக்காரப் பிள்ளைகள் உடனே கழித்துப் பார்ப்பார்கள். ஒரு பெண்பிள்ளை மட்டும் வெகுநேரம் யோசித்துவிட்டு, "தாத்தா, இது கழிக்கிற கணக்கு இல்லியே" என்றாள்.